மூச்சுத் திணறும் ஒருவரை வைத்தியசாலை வரை கொண்டு சேர்ப்பது: வன்னிக்கான முழு வழிகாட்டி

பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்கு 50 கிலோமீற்றருக்கு மேல். உள்ளே தள்ளியிருக்கும் கிராமங்களில் இருந்து தார் வீதிக்கு ஏறவே நேரம் பிடிக்கும். மூச்சு நின்றுபோனால் மூளை தாங்குவது நாலைந்து நிமிடம். அதனால் இங்கே ஒரு நோயாளி பிழைப்பதும் பிழைக்காததும் பெரும்பாலும் வண்டி புறப்பட முதலே தீர்மானமாகிவிடுகிறது.

“தூக்கு, ஏத்து, ஓடு” என்பதுதான் எல்லோருக்கும் முதலில் வருகிற யோசனை. அந்த அவசரத்தில் ஆளை மல்லாக்கப் படுக்க வைத்து, ஒட்சிசன் சிலிண்டரைத் திறக்க மறந்து, பாதி வழியில் மூச்சு அடங்கியதைக் கூடக் கவனிக்காமல் கொண்டு போய்ச் சேர்ப்பவர்கள் அதிகம். முதல் ஐந்து நிமிடத்தை ஆள் கிடக்கும் இடத்திலேயே செலவழியுங்கள். கீழே வரும் வரிசை அந்த ஐந்து நிமிடத்துக்கானது.

இது அம்புலன்சில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் முதலுதவித் தொண்டர்களுக்கும் எழுதப்பட்டது. இருத்துவது, எண்ணுவது, முதுகில் தட்டுவது எல்லாம் யாரும் செய்யலாம். மருந்தின் அளவு சொல்லப்படும் இடங்கள், அதற்குப் பயிற்சியும் அனுமதியும் உள்ளவர்களுக்கு மட்டும்.

1. வண்டி புறப்பட முதல் பார்க்க வேண்டியவை

சிலிண்டரில் எவ்வளவு நேரத்துக்கு ஒட்சிசன் இருக்கிறது என்று கணக்கிடத் தெரிய வேண்டும். சிலிண்டரின் கொள்ளளவை (லீற்றரில்) அழுத்தமானியின் அளவால் (பாரில்) பெருக்குங்கள். 5 லீற்றர் சிலிண்டரில் 100 பார் இருந்தால் 500 லீற்றர். நிமிடத்துக்கு 10 லீற்றர் கொடுத்தால் 50 நிமிடம். அதில் கடைசி 20 பாரைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது கையிருப்பு. ஆகவே உண்மையில் உங்களிடம் இருப்பது 40 நிமிடம். உங்கள் பாதை 70 நிமிடம் என்றால் இரண்டாவது சிலிண்டர் இல்லாமல் புறப்படக் கூடாது.

சிலிண்டர் வாயிலோ ரெகுலேட்டரிலோ எண்ணெய், கிறீஸ், வசிலின் எதுவும் படக் கூடாது. அழுத்தமான ஒட்சிசனில் எண்ணெய் தானாகவே தீப்பற்றும். இறுகிய திருகுக்கு எண்ணெய் விடும் பழக்கம் உழவு இயந்திரத்தோடு நிற்கட்டும்.

அம்பு பாக்கை (மூச்சுக் கொடுக்கக் கையால் அமுக்கும் பை) ஒவ்வொரு காலையும் சோதியுங்கள்: வாயை உள்ளங்கையால் அடைத்து அமுக்கினால் காற்று ஒழுகக் கூடாது, விட்டதும் பாக் உடனே நிமிர வேண்டும். பெரியவர், சிறுவர், கைக்குழந்தை என்று மூன்று அளவு மாஸ்க். உறிஞ்சும் கருவி, தொண்டைக் குழாய்கள் (நாக்கு பின்னுக்கு விழுந்து அடைக்காமல் வாய்க்குள் வைப்பவை), இரத்தத்தின் ஒட்சிசன் அளவைக் காட்ட விரலில் மாட்டும் ஒட்சிமீற்றர், அதற்கு மாற்று பற்றரி, ரோச் லைட். உறிஞ்சும் கருவியின் பற்றரி இறங்கியிருப்பது வாந்தி எடுத்து மயங்கிய ஆளின் முன் நிற்கும்போதுதான் தெரிய வருகிறது. அதைக் காலையிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

2. அழைப்பு

1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவை. அழைப்பவர் ஊர்ப் பெயரை மட்டும் சொல்லி வைத்துவிடுவதால்தான் நேரம் போகிறது. “முத்தையன்கட்டு” போதாது; இடதுகரையா வலதுகரையா, எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும், அருகில் கோயிலா பள்ளிக்கூடமா என்று சொல்ல வேண்டும். சந்தியில் ஒருவரை நிறுத்துங்கள். இரவென்றால் கையில் வெளிச்சத்தோடு.

சிக்னல் ஓரிடத்தில் வந்து ஓரிடத்தில் போகும் பகுதிகளில், கிடைக்கும் இடத்திலேயே போனோடு ஒருவர் நிற்க வேண்டும். அம்புலன்ஸ்காரர் திருப்பி எடுப்பார்.

3. வாசலில் நின்று பார்க்கும் அரை நிமிடம்

முதலில் இடம் பாதுகாப்பானதா என்று பாருங்கள். கிணற்றுக்குள் ஒருவர் மயங்கிக் கிடந்தால் யாரும் இறங்கக் கூடாது. எஞ்சின் தண்ணீர்ப் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட விட்டால் அதன் புகையில் உள்ள நச்சு வாயுவான காபனோரொட்சைட்டு உள்ளே தேங்கும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. காப்பாற்ற இறங்கும் இரண்டாவது, மூன்றாவது ஆளும் அதே இடத்தில் விழுவார். மெழுகுதிரியை இறக்கிப் பார்ப்பதை நம்ப வேண்டாம். காபனோரொட்சைட்டு இருக்கும்போதும் அது எரிந்துகொண்டே இருக்கும். மேலிருந்து கயிற்றால் எடுக்க முடிந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் மூச்சுக் கருவி உள்ள மீட்பாளர் வர வேண்டும்.

பிறகு ஆளைப் பாருங்கள். தொட முதலே மூன்று விடயம் தெரியும்.

எப்படி இருக்கிறார்: முன்னுக்குக் குனிந்து, இரண்டு கையையும் முழங்காலிலோ கட்டில் விளிம்பிலோ ஊன்றி இருந்தால் கடுமையான திணறல்.

எப்படிக் கதைக்கிறார்: “எப்ப தொடங்கினது ஐயா?” என்று கேளுங்கள். முழு வசனமாகப் பதில் வந்தால் நேரம் இருக்கிறது. “விடிய... நாலு... மணி” என்று சொல் சொல்லாக வந்தால் கடுமை. தலையை மட்டும் ஆட்டினால் உயிராபத்து.

என்ன சத்தம் கேட்கிறது: மூச்சை விடும்போது விசில் போன்ற இழுப்பு என்றால் நெஞ்சுக்குள் குழாய்கள் சுருங்கியிருக்கின்றன. உள்ளே இழுக்கும்போது கரகரப்பு என்றால் அடைப்பு தொண்டையில். குறட்டை என்றால் நாக்கு பின்னுக்கு விழுந்திருக்கிறது. கொப்பளிப்பு என்றால் வாயில் திரவம் நிற்கிறது.

புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். திணறிக்கொண்டிருந்தவர் திடீரென்று அமைதியாகி, கண் சொருகி, இழுப்புச் சத்தமும் குறைந்தால் வீட்டார் “இப்ப கொஞ்சம் சுகம்” என்பார்கள். சுகம் வந்தவர் நிமிர்ந்து பார்ப்பார், தண்ணீர் கேட்பார், கதைப்பார். களைத்தவர் தலையைத் தொங்கப் போடுவார். அவருடைய நெஞ்சில் சத்தம் இல்லாதது, உள்ளே காற்றே போகாததால். அந்த நிமிடம் அம்பு பாக்கைக் கையில் எடுங்கள்.

4. எண்ணுவது

மூச்சை எண்ணாமல் “கொஞ்சம் வேகமாக இருக்கு” என்று எழுதுவது பயனற்றது. பெரியவருக்கு 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். குழந்தைக்கு முழு 60 வினாடி, சட்டையை உயர்த்தி, வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து எண்ண வேண்டும். அழும் குழந்தையை எண்ணினால் கணக்குப் பிழைக்கும். தாயின் மடியில் அடங்கிய பிறகு எண்ணுங்கள்.

பெரியவருக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 30க்கு மேல் அல்லது 10க்குக் கீழ் ஆபத்து. 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, 2 மாதம் முதல் 1 வயது வரை 50, 1 முதல் 5 வயது வரை 40. இந்த அளவை எட்டினாலே வேகமான மூச்சு. விலா எலும்புக்குக் கீழே தோல் உள்ளே இழுபடுவது, மூக்குத் துவாரம் விரிவது, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுவது மூன்றும் எண்ணைவிடப் பெரிய அறிகுறிகள். பால் குடிக்க முடியாத குழந்தையைக் காத்திருக்க வைக்கவே கூடாது.

ஒட்சிமீற்றர் 94 முதல் 98 வரை காட்டினால் போதுமானது. நெடுங்காலப் புகைப் பழக்கத்தாலோ விறகடுப்புப் புகையாலோ நுரையீரல் கெட்டவருக்கு இலக்கு 88 முதல் 92 வரை. விரல் குளிர்ந்திருந்தால், நகப்பூச்சு அல்லது கரிய மருதாணி இருந்தால் அளவு பிழைக்கும். விரலைத் தேய்த்துச் சூடாக்கி வேறு விரலில் போடுங்கள். கிணற்றுக் காற்றோ புகையோ சுவாசித்தவருக்கு அது 99 என்று காட்டினாலும் நம்பாதீர்கள். காபனோரொட்சைட்டையும் ஒட்சிசனையும் அந்தக் கருவிக்குப் பிரித்தறியத் தெரியாது.

5. இருத்துதல், ஒட்சிசன், அம்பு பாக்

உணர்வு இருந்தால் நிமிர்த்தி இருத்துங்கள். மல்லாந்தால் வயிறு உதரவிதானத்தை மேலே தள்ளும், நுரையீரலில் நீர் உள்ளவருக்கு அது பரவும். ஹயஸ் வாகனத்தின் பின்பக்கம் சீற்றை மடித்து நோயாளியைக் கிடத்துவது எங்கள் பக்கத்தில் மரியாதை போல் ஆகிவிட்டது. திணறுகிறவருக்கு அது தண்டனை. ஒருவர் பின்னால் இருந்து தாங்கிப் பிடிக்க, இருந்தபடியே வரட்டும். ஆட்டோவில் இரண்டு பேருக்கு நடுவில் நெருக்கி இருத்துவதும் கூடாது. நெஞ்சு விரிய இடம் வேண்டும்.

உணர்வு இல்லாமல் மூச்சு மட்டும் இருந்தால் இடப்பக்கம் சரித்து, வாய் கீழ்நோக்க.

ஒட்சிசன்: மூக்குக் குழாய் என்றால் நிமிடத்துக்கு 1 முதல் 4 லீற்றர். சாதாரண மாஸ்க் 5 முதல் 10. ஐந்துக்குக் கீழே கொடுத்தால் வெளிவிட்ட காற்றையே திரும்ப இழுப்பார். பை உள்ள மாஸ்க் 10 முதல் 15. மாஸ்க்கை மாட்ட முதல், உள்ளே இருக்கும் துவாரத்தை விரலால் அடைத்துப் பையை நிரப்ப வேண்டும். வெறும் பையோடு முகத்தில் மாட்டினால் மூச்சு முட்டி, நோயாளி மாஸ்க்கைப் பிடுங்கி எறிவார். “ஆள் ஒத்துழைக்கவில்லை” என்று எழுதப்படும் பல இடங்களில் நடந்தது இதுதான்.

ஒட்சிசன் கொடுப்பதும் மூச்சுக் கொடுப்பதும் வேறு வேறு. நிமிடத்துக்கு 6 தடவை மேலோட்டமாக இழுப்பவருக்கு 15 லீற்றர் திறந்தாலும் அது உள்ளே போகாது. அங்கே அம்பு பாக் தேவை.

தலையைப் பின்னுக்குச் சாய்த்து நாடியை (முகவாயை) உயர்த்துங்கள். விழுந்தவர், மோதியவர் என்றால் தலையை அசைக்காமல் தாடையை மட்டும் முன்னுக்குத் தள்ளுங்கள். கொப்பளிப்புக் கேட்டால் முதலில் உறிஞ்சுங்கள், ஒரு தடவைக்கு 10 வினாடிக்கு மேல் இல்லாமல். தொண்டைக் குழாயை வாயின் ஓரத்தில் இருந்து தாடைக் கோணம் வரை வைத்து அளவு பாருங்கள். குமட்டல் உள்ளவருக்குப் போட்டால் வாந்தி எடுப்பார், போடக் கூடாது.

இரண்டு பேர் இருந்தால் ஒருவர் இரண்டு கையாலும் மாஸ்க்கைப் பிடிக்க, மற்றவர் அமுக்கட்டும். தனி ஆளாகப் பிடிப்பதில் பெருவிரலும் சுட்டுவிரலும் மாஸ்க்கை அழுத்தும், மற்ற மூன்று விரல்களும் தாடை எலும்பைப் பிடித்து முகத்தை மாஸ்க்குக்குள் இழுக்கும். தாடைக்குக் கீழுள்ள மென்மையான தசையை அமுக்கினால் நாக்கு மேலே எழும்பி அடைக்கும். தாடியோ பல்லில்லாத கன்னமோ இருந்தால் ஓரத்தால் காற்றுப் போகும். கட்டுப்பல்லைக் கழற்றாமல் விட்டால் மாஸ்க் நன்றாகப் பொருந்தும். ஆடும் கட்டுப்பல்லைத்தான் எடுக்க வேண்டும்.

பெரியவருக்கு 5 அல்லது 6 வினாடிக்கு ஒரு தரம். குழந்தைக்கு 2 அல்லது 3 வினாடிக்கு ஒரு தரம். நெஞ்சு மெல்ல உயர்வது தெரிந்ததும் விடுங்கள். பதற்றத்தில் பாக்கை முழுதாகக் கசக்கிப் படபடவென்று அடிப்பது மிகப் பொதுவான பிழை. காற்று வயிற்றுக்குள் போகும், வாந்தி வரும், வாந்தி நுரையீரலுக்குள் இறங்கும். வாய்விட்டு “ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, அமுக்கு” என்று எண்ணிக்கொண்டு செய்யுங்கள்.

6. புரைக்கேறி அடைத்தல்

கச்சான், பலாக்கொட்டை, றம்புட்டான் கொட்டை, பாலைப்பழக் காலத்தில் அதன் விதை. சிறு பிள்ளைகளுக்கு இவைதான்.

இருமிக்கொண்டிருந்தால் இருமச் சொல்லுங்கள், தட்டாதீர்கள். குரலும் இருமலும் நின்றால் முன்னுக்குக் குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் 5 தட்டு. வராவிட்டால் பின்னால் நின்று, தொப்புளுக்கும் நெஞ்செலும்புக்கும் நடுவே உள்ளேயும் மேலேயுமாக 5 அழுத்தம். மாறி மாறி. கர்ப்பிணிக்கு வயிற்றில் வேண்டாம், நெஞ்செலும்பில்.

ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை முன்கையில் தலை தாழக் குப்புறப் போட்டு 5 தட்டு, பிறகு திருப்பி நெஞ்சில் 5 அழுத்தம். வயிற்றில் அழுத்தவே கூடாது, ஈரல் கிழியும். காலைப் பிடித்துத் தலைகீழாக உலுப்பாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவினால் அது இன்னும் ஆழமாக இறங்கும். மயங்கினால் நெஞ்சழுத்தம் தொடங்கி, ஒவ்வொரு முறை மூச்சுக் கொடுக்க முதலும் வாயைப் பாருங்கள்.

7. முட்டு (ஆஸ்துமா)

காலபோக அறுவடை, சூடடிப்பு, வைக்கோல் தூசி, பனிக் காலை. முட்டு உள்ளவர்கள் கூடுதலாகக் கஷ்டப்படும் நேரம் இது. “பம் எத்தனை தரம் அடிச்சனீங்கள்?” என்று கேளுங்கள், எந்த நிறப் பம் (வாயில் அடித்து இழுக்கும் இன்ஹேலர்) என்று கையில் வாங்கிப் பாருங்கள். தினமும் தடுப்புக்கு எடுக்கும் பம்மை அவசரத்துக்கு அடித்துக்கொண்டிருப்பவர்கள் பலர். அவசரத்துக்கு உரியது சல்பியூட்டமோல், பெரும்பாலும் நீலம்.

திணறுகிறவர் பம்மை நேரே வாயில் வைத்து அடித்தால் மருந்து தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். இடையில் ஸ்பேசர் (மருந்துப் புகையைப் பிடித்து வைக்கும் குழாய்) வேண்டும். இல்லாவிட்டால் 500 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தல் போதும். அடிப்பக்கத்தில் பம்மின் வாயை வைத்துப் பேனையால் கோடு போட்டு, கோட்டுக்குச் சற்று உள்ளே வெட்டுங்கள். பம் இறுக்கமாக நுழைய வேண்டும், இடைவெளி இருந்தால் ரேப் சுற்றுங்கள். நேரம் இருக்கும்போது செய்து வைப்பதென்றால் சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, துடைக்காமல் காய விடுங்கள். துடைத்தால் பிளாஸ்ரிக்கில் மின்னேற்றம் ஏறி மருந்து சுவரில் ஒட்டும்.

பம்மைக் குலுக்கி, ஒரு அடி. போத்தல் வாயை உதடு மூடி இருக்க, 5 மூச்சு. பிறகு மறுபடி குலுக்கி அடுத்த அடி. பெரியவருக்கு இப்படி 4 முதல் 10 அடி, 5 வயதுக்கு உட்பட்டவருக்கு 2 முதல் 6. 20 நிமிடத்தில் திரும்பச் செய்யலாம். நாலைந்தை ஒன்றாக அடித்து ஒரே மூச்சில் இழுக்க வைப்பதில் பயன் குறைவு.

நெபுலைசர் இருந்தால் சல்பியூட்டமோல் பெரியவருக்கு 5 மி.கி., 5 வயதுக்கு உட்பட்டவருக்கு 2.5 மி.கி., ஒட்சிசனால் நிமிடத்துக்கு 6 முதல் 8 லீற்றர். ஓட்டம் குறைந்தால் மருந்து துளியாகவே நிற்கும், புகையாகாது. கடுமை என்றால் பெரியவருக்கு இப்ரட்ரோபியம் 0.5 மி.கி. சேர்க்கலாம். பெரியவருக்கு பிரெட்னிசொலோன் 40 முதல் 50 மி.கி. சீக்கிரமே கொடுங்கள், வேலை செய்யச் சில மணித்தியாலம் எடுப்பதால்தான் இந்த அவசரம். நெடுங்காலப் புகையால் நுரையீரல் கெட்டவருக்கு ஒட்சிசனால் ஓடும் நெபுலைசர் 6 நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

8. ஒவ்வாமை

குளவி, தேனீ, ஊசி மருந்து, இறால், நண்டு. சில நிமிடத்தில் உடம்பு தடித்து, உதடு வீங்கி, குரல் மாறி, மூச்சு இழுத்தால் மருந்து ஒன்றுதான்: அட்ரினலின், 1:1000, தொடையின் வெளிப்பக்க நடுத் தசையில். 12 வயதுக்கு மேல் 0.5 மில்லிலீற்றர், 6 முதல் 12 வரை 0.3, 6 வயதுக்குக் கீழ் 0.15. 5 நிமிடத்தில் குறையாவிட்டால் மறுபடி.

பிரிற்றன் (குளோர்பெனிரமின்) மருந்தையும் ஹைட்ரோகோட்டிசோனையும் முதலில் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது உயிரைக் குடிக்கும் பிழை. அவை தொண்டை வீக்கத்தைத் தடுக்கப் போதாது. நாடி விழுந்திருந்தால் கிடத்திக் காலை உயர்த்துங்கள். எழுப்பி நடக்க வைத்து வண்டியில் ஏற்றவே கூடாது.

9. பூச்சிமருந்து

கண்மணி ஊசிமுனையளவு, வாயில் நுரை, வியர்வை, நெஞ்சில் ஈரச் சத்தம். ஓகனோபொஸ்பேற்று வகை. நைத்திரைல் கையுறை போட்டு, உடுப்பை வெட்டி எடுத்து, சவர்க்காரத் தண்ணீரால் கழுவுங்கள். மருந்தடிக்கும்போது நனைந்த சாரத்தோடே ஏற்றினால் வழி முழுக்கத் தோலால் ஏறிக்கொண்டே இருக்கும். வண்டி யன்னலைத் திறந்து வையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். இடப்பக்கம் சரித்து உறிஞ்சுங்கள். போத்தலை எடுத்துச் செல்லுங்கள்.

அட்ரோப்பின் பெரியவருக்கு 1.8 முதல் 3 மி.கி. நாளத்தில், அதாவது 0.6 மி.கி. அம்பியூல் 3 முதல் 5 வரை. 5 நிமிடத்தில் நெஞ்சுச் சத்தம் குறையாவிட்டால் இரட்டிப்பாக்குங்கள். நெஞ்சு காய்வது, நாடி 80க்கு மேல், மேல் இரத்த அழுத்தம் 80க்கு மேல் என்பது இலக்கு. நாடி ஏறிவிட்டதென்று, நெஞ்சு இன்னும் ஈரமாக இருக்கும்போதே நிறுத்துகிறார்கள். நுரையீரல் திரவத்தில் மூழ்கியே ஆள் இறப்பார். நாடி வேகத்தால் அல்ல.

10. பாம்புக்கடி

கட்டுவிரியன், அதாவது கறுத்த பளபளப்பான உடலில் மெல்லிய வெள்ளை வளையங்கள் உள்ள பாம்பு, இரவில் நிலத்தில் பாய் போட்டுத் தூங்குபவரைக் கடிக்கும். வலியும் இராது, வீக்கமும் இராது, பல் தடமும் தெரியாமல் போகலாம். விடியும்போது வயிற்று வலி, கண் இமை தொங்கல், விழுங்க முடியாமை. “நித்திரைக் குணம்” என்று விட்டுவிடாதீர்கள்.

ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்லி எத்தனை வரை போகிறார் என்று குறியுங்கள். 10 நிமிடத்துக்கு ஒரு தரம் திரும்பச் செய்யுங்கள். 22, 17, 11 என்று இறங்கினால் மூச்சுத் தசை தளர்கிறது. அம்பு பாக் தயாராகட்டும். கழுத்தைத் தூக்க முடியாவிட்டாலும் அப்படியே.

இறுக்கிக் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசையாதபடி ஒரு கட்டையோடு சேர்த்துக் கட்டுங்கள். மூச்சு நின்றால் வழி முழுக்க அம்பு பாக்கால் கொடுத்துக்கொண்டே போங்கள், கை மாறி மாறி. கண்மணி விரிந்து, உடம்பு அசையாமல் கிடந்தாலும் அவர் உயிரோடு இருக்கலாம், நீங்கள் கதைப்பது கேட்டுக்கொண்டும் இருக்கலாம். விஷம் தசையைக் கட்டிப் போட்டிருக்கிறது. “முடிஞ்சுது” என்று அவர் முன் யாரும் சொல்ல விடாதீர்கள்.

11. குளத்தில் மூழ்கியவர்

வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்காதீர்கள், தோளில் தலைகீழாகப் போட்டு ஓடாதீர்கள். வருவது வயிற்றுத் தண்ணீர், அதுவும் நுரையீரலுக்குள் போகும். மூச்சு இல்லாவிட்டால் கரையிலேயே முதலில் 5 மூச்சு, பிறகு 30 அழுத்தம், 2 மூச்சு. வாயில் வரும் நுரையைத் துடைத்துக்கொண்டே நேரத்தைப் போக்க வேண்டாம். நுரைக்கு மேலாகவே மூச்சுக் கொடுங்கள். எழும்பி இருந்து கதைத்தாலும் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள், சில மணித்தியாலத்தின் பின்னும் திணறல் வரும்.

12. இதயத்தால் வரும் திணறல்

இரவில் திடுக்கிட்டு எழும்பி, இளஞ்சிவப்பு நுரையாகத் துப்பி, இரண்டு காலும் வீங்கிய வயதானவர். காலைத் தொங்கப் போட்டு நிமிர்த்தி இருத்துங்கள், ஒட்சிசன். மேல் அழுத்தம் 100க்கு மேல் என்றால் நாக்கின் கீழ் நைத்திரேற்று. முட்டு என்று நினைத்து நெபுலைசரிலேயே வழி முழுக்க ஓட்டிக்கொண்டு போவது இங்கே நடக்கும் பிழை. முன்பு முட்டே இல்லாதவருக்கு அறுபது வயதில் இழுப்பு வந்தால் இதயத்தை நினையுங்கள்.

13. வழியிலும் ஒப்படைப்பிலும்

5 நிமிடத்துக்கு ஒரு தரம் மூச்சு, ஒட்சிசன், நாடி, பேச்சு. நேரத்தோடு கையில் எழுதுங்கள். சிக்னல் உள்ள இடத்திலேயே வைத்தியசாலைக்குச் சொல்லுங்கள். கிட்டிய ஆதார வைத்தியசாலையா, மாவட்டப் பொது வைத்தியசாலையா என்பதையும் அப்போதே கேளுங்கள். வழியில் களைப்பவரைத் தூரத்துக்கு இழுக்காமல் கிட்டியதில் நிறுத்தி மூச்சைப் பிடிக்க வைப்பதே சரி.

ஒப்படைக்கும்போது இப்படிச் சொன்னால் போதும்: “ஆண், 55 வயது, முட்டுக்காரர். விடிய 4 மணியில் இருந்து. கண்டபோது மூச்சு 34, ஒட்சிசன் 86, சொல் சொல்லாகக் கதைத்தார். சல்பியூட்டமோல் 5 மி.கி. இரண்டு தரம், 4.50க்கும் 5.10க்கும். பிரெட்னிசொலோன் 40. இப்ப மூச்சு 26, ஒட்சிசன் 94, வசனமாகக் கதைக்கிறார்.” பிறகு சிலிண்டரின் மீதியைப் பார்த்து, திரும்பும் முன்னமே மாற்றிக்கொள்ளுங்கள்.